மாப்பிள்ளை கேட்ட கணக்கு

சர்க்கார் வேறு, பார்லிமெண்டு வேறு என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். "எல்லாம் டில்லிதானே!" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் மந்திரியாக இருப்பவர் சட்டசபையில் அங்கத்தினராக இருக்க முடியாது. நம் நாட்டிலோ, பிரிட்டனைப் போல, மந்திரிகளும் பார்லிமெண்டு அங்கத்தினர்களே. காரியஸ்தரும் கணக்குக் கேட்பவர்களும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தால், யார் யாரென்று வழிப்போக்கனுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் வேலை வேறுதான். நிர்வாகம் நடத்துவது சர்க்கார். சட்டம் இயற்றுவதும், செலவுக்குப் பணம் அனுமதிப்பதும், பிறகு அதற்குக் கணக்குக் கேட்பதும் பார்லிமெண்டு. மந்திரிசபை லோக்சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது அரசியல் சட்டத்தின் 75-வது விதி. இந்த வறண்ட வாக்கியத்துக்கு உயிர் வந்த நாள் ஒன்று உண்டு: 1957 டிசம்பர் 16.

அதற்கு முந்திய வருஷம்தான் ஆயுள் இன்ஷூரன்ஸ் தேசியமயமாகியிருந்தது. ஜனங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணம் கார்ப்பொரேஷனிடம் சேர்ந்தது. அதில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாயை, 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் போட்டார்கள். முதலீட்டுக் கமிட்டியைக் கலக்கவே இல்லை.

சபையில் எழுந்து இதைக் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். காங்கிரஸ் அங்கத்தினர் பெரோஸ் காந்தி; போதாததற்குப் பிரதம மந்திரி நேருவின் மாப்பிள்ளை! பதில் சொல்ல வேண்டியவர் சென்னைக்காரரான நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி.

பம்பாய் ஹைகோர்ட் பிரதம நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரித்தார். சில வாரங்களில் முடித்தும் விட்டார். அதிகாரி செய்த காரியத்துக்கும் மந்திரியே பொறுப்பு என்பது அவர் கண்ட முடிவு. 1958 பிப்ரவரியில் நிதி மந்திரி ராஜினாமாச் செய்தார். 1962-ல் அவர் மீண்டும் மந்திரியானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கதை எழுதுகிறவனான எனக்கு, அந்த ராஜினாமாவைவிட அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. ஆட்சி கவிழவில்லை, கட்சியும் உடையவில்லை. ஆளும் கட்சியில் இருப்பவரும், மந்திரியாக இல்லாத வரையில், கணக்குக் கேட்கும் வரிசையைச் சேர்ந்தவரே என்பதை ஒருவர் மறக்காமல் இருந்தார். அவ்வளவுதான். அவர் மௌனமாக இருந்திருந்தால் கட்சிக்குள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்ஷூரன்ஸ் கட்டிய ஏழைக் குமாஸ்தாவுக்குத்தான் நஷ்டம்.

1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வோட்டுப் போடுகிறவர் பதவியை இழக்கலாம். உண்மைதான். ஆனால் கேள்வி கேட்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. கையைத்தான் கட்டியிருக்கிறது, வாயைக் கட்டவில்லை. நாம் வோட்டுப் போட்டு அனுப்பியவர் எந்தக் கட்சிக்காரரானாலும் சரி, போன வருஷம் சபையில் என்ன கேட்டார் என்று நாமும் கேட்டுப் பார்க்கலாமே!