மாதரி மனையின் அடுக்களை

ஓர் ஊர்ப்பகுதியின் உணவு வரலாற்றைப் படமாகத் தீட்ட விரும்பும் ஓவியருக்குச் சான்றுகள் எளிதில் கிட்டுவதில்லை. கோயிலும் கோட்டையும் கல்லில் நிலைத்தன. அடுப்பும் பானையும் மண்ணோடு மண்ணாயின. ஆயினும் தமிழ்ச் சமணராகிய நமக்கு ஒரு பேறு உண்டு. மதுரைக்குப் புறத்தே அமைந்த ஆயர் குடியிருப்பில் ஒருநாள் நிகழ்ந்த சமையலை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் 16ஆம் காதையாகிய கொலைக்களக் காதையில் எழுதி வைத்துள்ளார்.

கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் அடைக்கலமாக ஒப்புவிக்கிறார். கோவலன் சாவக நோன்பி என்பதை அறிந்த மாதரி, பகற்பொழுதில் உண்ணும் உணவைச் சமைப்பதற்கு உரிய நல்ல கலங்களைக் காலந்தாழ்த்தாது கொடுக்கச் சொல்கிறாள். பலாக்காய், வரிகளையுடைய வளைந்த வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி நெல்லின் அரிசி, பால்படு பொருள்கள் ஆகியவை வந்து சேர்கின்றன.

இப்பட்டியலில் கிழங்கு இல்லை. வெங்காயமும் பூண்டும் இல்லை. நம் இல்லங்களில் இன்றும் போற்றப்படும் விலக்கோடு இது பொருந்துகிறது; ஆயினும் பட்டியலில் இல்லாமை மட்டுமே அவ்விலக்கு அன்றே நின்றமைக்குச் சான்றாகாது. ஓவியர் இன்னொன்றையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். மிளகாயும் தக்காளியும் 1498இல் போர்ச்சுகீசியர் கடல்வழி கண்டு வந்த பின்னரே நம் நாட்டை அடைந்தவை. ஆதலின் மாதரி மனையில் அவற்றின் செந்நிறம் தோன்றலாகாது.

தோன்ற வேண்டியவை வேறு. காய் அரிந்து சிவந்த கண்ணகியின் விரல்கள், வியர்த்த முகம், வைக்கோலால் தீ மூட்டும் ஐயை, கோவலன் அமர்ந்த பனையோலைத் தவிசு, நீர் தெளித்த தரையில் விரித்த வாழைக் குருத்திலை, உண்டபின் அளித்த வெற்றிலை பாக்கு. வானில் கதிரவன் இருத்தல் வேண்டும். விளக்கு எரிதல் கூடாது.

அவ்வாயர் கண்ணனைப் பாடிக் குரவையாடும் குடியினர். தம் நோன்பு அன்றாயினும் விருந்தினர் நோன்பைத் தம் பொறுப்பாகக் கொண்டனர். சமணரின் உணவொழுக்கம் சமணரால் மட்டுமே காக்கப்பட்டதன்று. அயலாரின் அன்பும் அதனைக் காத்தது. கோவலன் உண்ட இறுதி உணவு அதுவே. அதனை முடித்துச் சிலம்பு விற்கச் சென்றவன் மீளவில்லை. நோன்பு வழுவாத அவ்வுணவை அவனுக்கு அளித்தது அயலார் மனை.

இக்காட்சி ஏட்டிலேயே மறைந்து போகாமல், 1892இல் உ.வே.சாமிநாதையர் அடியார்க்குநல்லார் உரையுடன் நூலைப் பதிப்பித்தமையால் நம் கைக்கு எட்டியது. நம் பாட்டிமார் அடுக்களைகளுக்கோ இன்னும் ஏடும் இல்லை, படமும் இல்லை. சிற்றூர்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களில், கதிரவன் மறையுமுன் இலை போட்ட முற்றத்தை நேரிற் கண்டவர் குறைந்து வருகின்றனர். இத்திருநாளில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகள், நீர் வடிகட்டிய துணி, அடுப்பின் அமைப்பு, பந்தியின் வரிசை, காய்கறி தந்துதவிய அண்டை வீடு ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு வரைந்து வைப்பார்களாக.