உலையடியில் ஒரு பெயர்



கண்ணாடி என்றதும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வளையலுமே நமக்கு நினைவு வரும். தன் உள்ளத்தை உரைக்கும் ஊடகமாகக் கலைஞன் அதனைக் கையாளத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ஆனால் கண்ணாடியை உருக்கி வடிவு கொடுக்கும் தொழில் நம் கரைகளில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமையுடையது.

புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டை 1945இல் மோட்டிமர் வீலர் அகழ்ந்தாய்ந்தார். அங்கு கிடைத்த பொருள்களுள் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகளும் உண்டு. உருகிய கண்ணாடியை உள்ளே துளையிருக்கும்படி நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்கி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுக்கினார்கள். இத்தகைய மணிகள் நமது மன்னார்க் கரையின் மாந்தையிலும், கடல் கடந்து தாய்லாந்து, வியட்நாம் நாடுகளிலும் கிடைத்துள்ளன. ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இவற்றை 'இந்தோ பசிபிக் மணிகள்' என்றழைத்தார். மணிக்குப் பெயர் கிடைத்தது, செய்தவனுக்குக் கிடைக்கவில்லை. சிலப்பதிகாரமும் மருவூர்ப்பாக்கத்துத் தொழில்களை அடுக்கிச் சொல்கிறதேயன்றி, தொழிலாளர் ஒருவரையும் பெயர் சுட்டி அழைக்கவில்லை.

மேலைநாட்டுக் கண்ணாடித் தொழிற்சாலையிலும் இதே நிலைதான். காகிதத்தில் வடிவம் வரைபவர் ஒருவர். குழல் பிடித்து ஊதுபவர் வேறொருவர். கொழுந்து கிள்ளும் கை ஒன்று, சுவைத்து விலை மதிக்கும் நா வேறொன்று என்பதை அறிந்த மலையகத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவினையை உடைக்க முனைந்தவர் அமெரிக்கரான ஹார்வி லிட்டில்டன். 1922இல் கோர்னிங் என்னும் கண்ணாடி நகரிற் பிறந்தவர். தந்தை அங்குள்ள கண்ணாடி நிறுவனத்தின் பௌதிகவியலாளர். மகனோ மட்பாண்டக் கலைஞரானார். குயவன் தன் சக்கரத்தின் முன் தனியே அமர்ந்து நினைத்ததை வனைகிறான். கண்ணாடிக் கலைஞன் மட்டும் ஏன் தன் உலையைத் தானே மூட்டக்கூடாது? இதுவே அவர் எழுப்பிய வினா.

1962 மார்ச்சில் டொலிடோ நகர அருங்காட்சியக வளவில், ஒரு வாகனக் கொட்டகையில் சிற்றுலை அமைத்துப் பயிற்சிப் பட்டறை நடத்தினார். முதல் உருக்கு சரிவரவில்லை. டொமினிக் லபினோ என்ற தொழில்நுட்ப அறிஞர் உலையைத் திருத்தி, உருக்குவதற்கேற்ற கண்ணாடிக் கோலிகளையும் தந்துதவினார். ஆனால் ஊதிக் காட்டுவது யார்? ஓய்வுபெற்ற தொழிற்சாலைத் தொழிலாளி ஹார்வி லீஃப்கிரீன் வந்து குழலைக் கையிலெடுத்தார். கலைஞர்கள் அவரிடம் பாடம் கேட்டனர்.

பின்னர் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லிட்டில்டன் இக்கலையைக் கற்பித்தார். அவருடைய மாணவர் டேல் சிஹூலி, 1971இல் பில்சக் கண்ணாடிக் கலைப் பள்ளியை நிறுவியோருள் ஒருவர். அவர் 1976இல் வாகன விபத்தொன்றில் இடக்கண் பார்வையை இழந்தார். 1979இல் தோள் மூட்டும் விலகியது. அதன்பின் வடிவத்தை அவர் வரைய, குழுவினர் ஊதினர். தனியொருவரின் உலை என்று தொடங்கிய இயக்கம், அதன் புகழ்பெற்ற மாணவரிடத்திலேயே பலர் கை கூடிய பணியாக மாறியது.

இதனை இயக்கத்தின் தோல்வி என்று நான் கொள்ளவில்லை. தனித்து நிற்க விரும்பிய கலையும் தொழிலாளியின் கைப்பழக்கத்தில் ஊன்றியே எழுந்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. லீஃப்கிரீனின் பெயரை யாரோ எழுதி வைத்தார்கள். ஆகவே இன்று நாம் அதனைச் சொல்கிறோம். அரிக்கமேட்டு மணிகாரன் பெயரை எழுதுவாரில்லை. கண்டிச் சுற்றுப்புறத்தில் பித்தளையும் வெள்ளியும் தட்டும் கைவினைஞரைப் பற்றிக் கட்டுரை வரையும் நம் மாணவர்கள், வேலைப்பாட்டை வியப்பதோடு நில்லாது, "ஐயா, உங்கள் பெயரென்ன?" என்றும் கேட்டு எழுதுவார்களாக.