ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடிய மன்றம்

1607-இல் விர்ஜீனியாவில் ஆங்கிலேயர் நிறுவிய ஜேம்ஸ்டவுன் குடியிருப்பு, அரச சாசனம் பெற்ற ஒரு லண்டன் வணிகக் கம்பெனியின் உடைமையாகவே தொடங்கியது. பஞ்சத்தாலும் நோயாலும் பெரும்பாலோர் மாண்டபின், எஞ்சியோர் மீது உணவுத் திருட்டுக்கும் மரண தண்டனை விதிக்கும் இராணுவச் சட்டம் சுமத்தப்பட்டது. இத்தகைய ஆட்சியின்கீழ் வாழக் கடல் கடந்து வருவோர் அருகவே, குடியேறியோரின் பிரதிநிதிகளையும் கலந்து சட்டம் இயற்றலாம் என்று கம்பெனி 1618-இல் இணங்கியது. ஆள் சேர்க்கும் தேவையே அந்த இணக்கத்தின் வேர். மக்களாட்சிப் பற்று அன்று.

1619 ஜூலை 30 அன்று ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் ஆளுநர் ஜார்ஜ் யார்ட்லியும் அவருடைய ஆலோசகர்களும், பதினொரு குடியிருப்புகள் இருவர் வீதம் தேர்ந்தனுப்பிய 22 'பர்ஜெஸ்' எனப்பட்ட உறுப்பினர்களும் கூடினர். ஜான் போரி அவைத் தலைவராக அமர்ந்தார். அவை முதலில் ஆராய்ந்தது, தன்னுள் அமரத் தகுதியுடையோர் யார் என்பதையே. கேப்டன் ஜான் மார்ட்டின் என்பவரின் நிலப்பட்டயம், குடியேற்றத்தின் சட்டங்கள் அவருடைய தோட்டத்தைப் பெரிதும் கட்டுப்படுத்தா என்று விலக்களித்திருந்தது. அவ்விலக்கை விட்டுக்கொடுக்குமாறு அவை கேட்டபோது அவர் மறுத்துவிட, அவருடைய தோட்டத்துப் பிரதிநிதிகள் இருவரும் வெளியேற்றப்பட்டனர். சட்டத்துக்குக் கட்டுப்படாதவர் பிறருக்குச் சட்டம் இயற்றலாகாது என்ற இம்முடிவே, அந்தச் சில நாள்களில் நிகழ்ந்தவற்றுள் தலையாயது எனத் தயங்காது கூறலாம். உயர்தரப் புகையிலைக்கு இராத்தல் ஒன்றுக்கு மூன்று ஷில்லிங் என விலை வகுத்தது முதலான மற்ற அலுவல்கள் அன்றாட நிர்வாகத்தைச் சேர்ந்தவை.

கடும் வெயிலில் நோயுற்று உறுப்பினர் ஒருவர் இறக்க, ஆகஸ்டு 4 அன்று கூட்டம் முடிக்கப்பட்டது. இயற்றிய சட்டங்களை லண்டன் கம்பெனி நிராகரிக்கலாம் என்ற வரம்பு இருந்தபோதிலும், 1624-இல் சாசனம் பறிக்கப்பட்டு விர்ஜீனியா அரசரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட பின்னரும் குடியேறியோர் இம்மன்றத்தைக் கைவிடவில்லை. 1639-இல் அரசரும் அதனை முறைப்படி ஏற்றார்.

ஆயினும் மன்றம் கலைந்த அதே ஆகஸ்டு மாத இறுதியில், ஜேம்ஸ் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பாயிண்ட் கம்ஃபர்ட்டில் வந்து நின்ற 'ஒயிட் லயன்' கப்பல், சிறைப்பிடிக்கப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு ஈடாக ஒப்படைத்தது. அவர்களுக்கு இம்மன்றத்தில் இடமில்லை. அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை, தந்தை சுதந்திர ஆங்கிலேயனாகவே இருப்பினும், தாயின் நிலையையே அடையும் என்று 1662-இல் சட்டம் இயற்றியதும் இதே மன்றம்தான்.