கடல் நிறம் மாறிய தேதிகள்

1981ஆம் ஆண்டு கல்பாக்கத்துக்குத் தெற்கே, பாலாறு கடலில் கலக்கும் வயலூர்ப் பக்கத்தில் மட்டி சாப்பிட்டவர்களில் 3 பேர் இறந்துபோனார்கள். 85 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். மட்டி கெட்டுப்போய் வந்த வினை இல்லை அது. கண்ணுக்குத் தெரியாத சில நச்சுப் பாசிகள் நீரில் பெருகும்போது, நீரை வடிகட்டித் தின்னும் மட்டியின் சதையில் அந்த நஞ்சு சேர்ந்துவிடும். மட்டி பாட்டுக்கு உயிரோடு இருக்கும். சாப்பிட்டவருக்கு முதலில் உதடு மரத்துப்போகும், பிறகு விரல் நுனி. அளவு கூடினால் மூச்சை இயக்கும் தசைகள் நின்றுவிடும். கொதிக்கவைத்தாலும் நஞ்சு போகாது, ருசியில் தெரியாது, மாற்று மருந்து கிடையாது. முன்கூட்டியே காட்டிக்கொடுக்க ஒரே வழி, யாராவது அந்த நீரையும் மட்டியையும் தொடர்ந்து எடுத்துப் பார்த்து, பார்த்ததை எழுதிவைப்பதுதான்.

எழுதிவைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. நான் குடியிருப்பது முத்தாபுதுப்பேட்டையில், விமானப்படை நிலையத்துக்குப் பக்கத்தில். கடல் காற்றுகூட இங்கே எட்டாது. ஆனால் ஓய்வு பெறும்வரை ஓர் ஆய்வகத்தில் கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். 50 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் ஆழம் உள்ள கண்ணாடித் தட்டு; சரியாக ஒரு மில்லிலிட்டர் நீர் பிடிக்கும். அயோடின் கலந்த நீரை அதில் விட்டு, உயிர்கள் அடியில் படியும்வரை காத்திருந்து, நுண்ணோக்கிக்குக் கீழே கட்டம் கட்டமாக நகர்த்தி எண்ண வேண்டும். எண்ணிக்கையைப் பக்கத்துப் பதிவேட்டில் உடனே எழுத வேண்டும். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நாள் போய்விடும்.

நம் கரையில் இப்படிப்பட்ட பெருக்கங்களைப் பற்றிய பதிவு நூறு ஆண்டுக்கு மேல் பழையது. 1908இல் மலபார் கரையில் மீன்கள் கூட்டமாகச் செத்தன. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், அப்படிப்பட்ட சாவுகளுக்கு நுண்ணுயிர் ஒன்றுதான் காரணம் என்று 1917இல் துறையின் இதழில் எழுதினார். 1954இல் ஆர். சுப்பிரமணியன் மலபார் கடலைப் பச்சையாக்கி மீனைக் கொல்லும் ஓர் உயிரை விவரித்து, ஹார்னெல் நினைவாக அதற்கு ஹார்னெல்லியா மெரினா என்று பெயர் வைத்தார். இன்று அதன் பெயர் சாட்டோனெல்லா மெரினா. 1972இல் ஜப்பானின் உள்கடலில் இதே சாட்டோனெல்லா இனம் பெருகி, பண்ணைகளில் வளர்த்த சுமார் 1 கோடியே 40 லட்சம் மீன்களைக் கொன்றது. கோழிக்கோட்டுக் கடல்நீரை உட்கார்ந்து பார்த்த ஒருவரின் எழுத்து ஜப்பான்காரனுக்கும் பயன்பட்டது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சென்னைக்கும் தனிப்பதிவு இருக்கிறது. 1935 ஜூனில் சென்னைக் கரையில் மீன்கள் செத்ததை ஆர். கோபால ஐயர் மறு ஆண்டு ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார். 1942இல் குருசடைத் தீவில் நடந்த சாவைச் சாக்கோ எழுதினார். 1944இல் பாம்பன் பக்கம் பெருகிய பாசியைப் பற்றிச் சிதம்பரமும் உன்னியும் எழுதினார்கள். எல்லாம் சிறு குறிப்புகள். ஆனாலும் இடம், காலம், எந்த உயிர், எது செத்தது என்ற நாலும் இருந்ததால்தான் பிற்காலத்தில் கணக்கெடுக்க முடிந்தது. கோவா கடலாய்வு நிறுவனத்தார் 1908 முதல் 2009 வரையிலான இந்தியப் பதிவுகளைத் திரட்டியபோது 101 நிகழ்வுகள் தேறின. நூறு ஆண்டுக்கு 101 என்பது கடலின் கணக்கு இல்லை, பார்த்தவர்களின் கணக்கு.

உலக அளவிலும் இதே கதைதான். யுனெஸ்கோவின் கடலியல் ஆணையமும் வட அட்லாண்டிக், வட பசிபிக் நாடுகளின் கடலாய்வு அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் பொதுத் தரவுத்தளம் ஹேடாட். அதில் பாசி பெருகியது மட்டும் ‘நிகழ்வு’ ஆகாது. உணவில் நஞ்சு வரம்பை மீறியிருக்க வேண்டும். அல்லது நீர் நிறம் மாறியோ நுரைத்தோ நஷ்டம் வந்திருக்க வேண்டும். அல்லது மனிதருக்கோ மற்ற உயிருக்கோ கேடு நேர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தேதி, கடற்பகுதி, இனம், லிட்டருக்கு எத்தனை செல் என்று பிரித்து எழுதுகிறார்கள். அந்தத் தளத்தில் 1985 முதல் 2018 வரை சேர்ந்த 9,503 நிகழ்வுகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. உலகம் முழுக்க ஒரே சீராகப் பெருக்கம் கூடிவிட்டதாகச் சொல்ல முடியாது, கடற்பண்ணையும் கண்காணிப்பும் கூடிய இடங்களில் பதிவு கூடியிருக்கிறது என்பது அதன் முடிவு. வயலூரில் நடந்தது 1981. அந்தக் கணக்கின் தொடக்கத்துக்கே நாலு ஆண்டு முந்தையது.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை இரவில் நீலமாக ஒளிர்ந்ததை ஊரே கைபேசியில் எடுத்தது. அந்த ஒளிக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நாக்டிலூகா என்ற நுண்ணுயிர்தான், மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்று சொல்வது. அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அது பெருகி, நீரில் ஆக்சிஜன் குறைந்து, மீன் செத்து ஒதுங்கியது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் நீருக்குள் இறங்கிப் பார்த்து, பவளமும் செத்திருப்பதை எழுதினார்கள். எழுதியதால் இன்று நமக்குத் தெரிகிறது. இப்போது ஹைதராபாத்தில் உள்ள இன்கோயிஸ் என்ற கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பாசிப்பெருக்கத் தகவல் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அது காட்டுவது மேல்நீரின் நிறத்தைத்தான். மட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அறிய முகத்துவாரத்தில் இறங்கி நீரும் மட்டியும் எடுக்க ஆள் வேண்டும். மட்டி எடுக்கும் ஒவ்வொரு முகத்துவாரத்திலும் அந்த வேலையை மாதா மாதம் அரசு செய்தாக வேண்டும்.

அதுவரை, கடற்கரைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நீர் பச்சையாகவோ சிவப்பாகவோ மாறியிருந்தால், மீன் செத்துக் கிடந்தால், படத்தோடு தேதியும் நேரமும் இடமும் நாற்றமும் எழுதிப் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொடுங்கள். தண்ணீர் தெளிந்தாலும் நஞ்சு மட்டிக்குள் சில வாரம் தங்கும். சோதித்துச் சொல்லும்வரை அந்த இடத்து மட்டியை வாங்காதீர்கள்.