வாசிப்பும் ஆராய்வும்
யாழ்ப்பாணக் கல்வி மரபில் ஒரு நோக்கு

எழுத்தறிவு வேறு; வாசிப்பு வேறு; வாசித்ததை ஆராய்ந்து கொள்ளுதல் அவ்விரண்டினும் வேறு. இம்மூன்றனையும் ஒன்றென மயங்குதலே கல்வியைப் பற்றிய இக்காலப் பேச்சுக்களிற் காணப்படும் முதற் குழப்பமாகும். இலங்கையில் எழுத வாசிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டவர். அங்ஙனமாகவும், மாணவர் வாசிப்பதில்லை என்றும், வாசிப்பவரும் வாசித்ததை அப்படியே ஏற்கின்றனரேயன்றி உசாவுவதில்லை என்றும் ஆசிரியர்கள் வருந்திக் கூறக் கேட்கின்றோம். எழுத்தறிவு பெருக வாசிப்பும் ஆராய்வும் நலிதல் எவ்வாறு நிகழும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாற்றையே சான்றாகக் கொண்டு நோக்குவது பயனுடைத்து.

நம் முன்னோர் நூலை எவ்வாறு கற்றனர் என்பதை இலக்கண நூல்களே கூறுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தமது நன்னூலின் பாயிரத்திற் கல்வியைப் பங்கிட்டுக் காட்டுகின்றார். ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கொண்டவனும் காற்பங்கு புலமையே பெறுவான். உடன் கற்போரோடு பழகி ஆராய்தலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ தான் பிறர்க்கு விரித்துரைக்கும்பொழுதே கைகூடும். ஆசிரியர் வாய்ச்சொல் முழுக் கல்வியாகாது என்னும் இக்கருத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே இலக்கண மாணவனுக்கு முதற்பாடமாக வைக்கப்பட்டது. அந்நூலே நூலாசிரியன் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்களையும் வகுக்கின்றது. பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின் களைதல், இருவர் மாறுபட்ட வழி ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலிற் குற்றங் காட்டுதல் என்பன அவற்றுட் சில. மறுத்தலும் குற்றங் காட்டுதலும் புலமையின் இழுக்காகவன்றி அதன் உறுப்பாகவே கொள்ளப்பட்டன என்பது இதனாற் புலனாகும்.

சமய நூல்களிலும் இந்நெறியைக் காணலாம். அருணந்தி சிவாசாரியர் தாம் இயற்றிய சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்தார். உலகாயதம், பௌத்தம், சமணம் முதலிய பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் முறையாக எடுத்துக் கூறி மறுத்த பின்னரே சுபக்கத்தில் தம் சித்தாந்தத்தை நிறுவினார். எதிரியின் கொள்கையை அவன் கூறுமாறே கூறவல்லவனே அதனை மறுக்கும் உரிமையுடையவன் என்பது இவ்வமைப்பின் உட்கிடை. உரையாசிரியர்களும் தடையை எழுப்பி விடையை இறுத்தே பொருளை நிலைநாட்டினர்.

இப்புலமை நெறி யாழ்ப்பாணத்திற் பண்டிதரிடத்து மாத்திரம் தங்கியிருக்கவில்லை. கோயில்களில் நிகழ்ந்த புராண படனம் அதனைப் பொதுமக்களிடத்தும் ஒருவாறு கொண்டு சென்றது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லுவார். சபையிற் கேட்டிருப்போருட் சிலர் தாமும் அந்நூலிற் பயிற்சியுடையோராதலின், பயன் சொல்வோர் தவறுமிடத்து வாளாவிரார். கந்தபுராணத்தை மையமாகக் கொண்ட இவ்வாழ்வு முறையையே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை கந்தபுராண கலாசாரம் எனப் பெயரிட்டு விளக்கினார். எழுதப் படிக்க அறியாதவரும் நூற்பொருளைக் கேட்டு உசாவும் வாய்ப்பு அங்கே ஓரளவு இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சும் ஆங்கிலக் கல்வியும் வந்தபொழுது இப்பழைய பயிற்சி அழிந்துவிடவில்லை; புதிய கருவிகளைப் பெற்று வலுப்பெற்றது. அமெரிக்க மிசனரிமார் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினர். 1841ஆம் ஆண்டில் உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவந்தது. இவற்றின் நோக்கம் சமயப் பிரசாரமாயிருப்பினும், இவற்றால் எழுந்த வாதம் இருபக்கத்தாரையும் ஆழ்ந்து வாசிக்கச் செய்தது. நல்லூர் ஆறுமுக நாவலர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். அவர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். அதனால் அந்நூலை வரி வரியாக அறிந்திருந்தார். 1854ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் விவிலியத்தினின்றே மேற்கோள் காட்டி வாதிடுவதற்கு இப்பயிற்சியே காரணமாயிற்று. மறுக்கப் புகுவோன் முன்னர் வாசிக்க வேண்டும் என்னும் பழைய விதியை அவர் அச்சுக் காலத்தில் நிறைவேற்றினார் எனலாம். 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பாலபாடங்களும், உரைநடையில் எழுதிய பெரியபுராணமும் வாசிப்போர் தொகையைப் பெருக்கின.

வட்டுக்கோட்டையிற் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை மற்றொரு வழியைக் காட்டினார். 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகத் தேறிய அவர், 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். செல்லரித்தும் ஒடிந்தும் உதிர்ந்தும் கிடந்த ஏடுகளின் நிலையைக் கலித்தொகைப் பதிப்புரையில் அவர் உருக்கமாக எடுத்துரைத்தார். பல பிரதிகளைத் தேடி ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, பாடபேதங்களுள் எது பொருந்தும் எனத் துணிந்து, துணியவியலாத இடத்தை வெளிப்படையாகக் கூறுதல் பதிப்பாசிரியர் கடமை. பரிசோதித்தல் என்று அக்காலத்தார் இத்தொழிலுக்கு இட்ட பெயரே அதன் இயல்பை உணர்த்துகின்றது. கையிற் கிடைத்த ஏட்டினை, அது பழையது என்னும் ஒரு காரணத்தால் அவர்கள் நம்பிவிடவில்லை.

இதே மனப்பாங்கு வரலாற்றாராய்ச்சியிலும் புகுந்தது. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை நெடுங்காலம் இந்நாட்டு வரலாறாகவே போற்றப்பட்டது. முதலியார் செ. இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் அதனைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதித்தனர். முன்னவரது பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூல் 1926இலும், பின்னவரது யாழ்ப்பாண வைபவ விமர்சனம் 1928இலும் வெளிவந்தன. இருவரும் பல முடிபுகளில் மாறுபட்டனர். அம்மாறுபாட்டினால் வாசகருக்கு விளைந்தது நட்டமன்று. ஒரே செய்தியை இருவர் இருவேறாகக் காணுமிடத்துச் சான்றுகளைத் தாமே நிறுத்துப் பார்க்கும் பயிற்சியாம்.

இப்பழைமையை நாம் மிகைபடப் புகழ்தலும் தகாது. ஏட்டுக் கல்வியும் கோயிற் சபையும் எல்லார்க்கும் திறந்திருந்தனவல்ல. சாதியாற் புறத்தே நிறுத்தப்பட்டோர் பலர். பெண்களுட் கற்றோர் மிகச் சிலர். திண்ணைப் பள்ளியிற் பொருளறியா மனனமும் மிகுதியாயிருந்தது. கண்டனப் பத்திரங்கள் சில நியாயத்தை விட்டு வசையிலே இறங்கின. ஆதலின் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தமை பெரும் நன்மையேயாம். சிலரது செல்வமாயிருந்த கல்வி பலரது உரிமையாயிற்று. சிற்றூர்கள்தோறும் எழுந்த வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இவ்வுரிமைக்குத் துணையாயின. அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர் கேட்டுத் தர்க்கித்தனர். புராண படனத்தின் முறையே வேறோர் இடத்திற் புத்துயிர் பெற்றது என்று கூறுதல் பொருந்தும். 1930 முதல் 1958 வரை வெளிவந்த ஈழகேசரி போன்ற ஏடுகள் இவ்வாசகரை நம்பியே நடந்தன.

அவ்வாறாயின் நலிவு எங்ஙனம் நேர்ந்தது? முதற்காரணம் பரீட்சையின் ஆட்சியாகும். கல்வி பலர்க்கும் உரியதாயிற்று. ஆனாற் பல்கலைக்கழக இடங்களும் அரசாங்க உத்தியோகங்களும் சிலவாகவே இருந்தன. 1970களிற் பல்கலைக்கழக அனுமதியில் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல் தமிழ் மாணவரின் போட்டியை மேலும் கடுமையாக்கிற்று. ஒரு புள்ளியால் ஒருவனது வாழ்வு திசைமாறும் நிலையில், நூலை முழுதும் வாசித்தல் காலவிரயமாகத் தோன்றியது. குறிப்புக் கொப்பியும், கடந்தகால வினாத்தாளும், மாதிரி விடையும் நூலின் இடத்தைப் பிடித்தன. தனியார் கல்வி நிலையங்கள் பெருகின. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையிலேயே இப்பழக்கம் தொடங்கிவிடுகின்றது. மாதிரி விடையை மனனம் செய்பவன் உழையாதவனல்லன், மிகவும் உழைப்பவனே. எனினும், அவ்விடை சரிதானா என்று கேட்கும் வேளை அவனுக்கு வாய்ப்பதில்லை. நன்னூலார் கூறிய முதற் காற்பங்கே முழுக் கல்வியாக மதிக்கப்படுகின்றது.

இரண்டாவது காரணம் நாம் பட்ட அழிவு. 1933இல் ஓர் அன்பரது சொந்த நூற்றொகுதியிலிருந்து முளைத்த யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1959இற் புதிய மாளிகையிற் குடிபுகுந்தது. 1981ஆம் ஆண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் அது தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும், மீளப் பெறவியலாத ஏட்டுச் சுவடிகளும் எரிந்தன. பின்னர் நேர்ந்த போரில் வீட்டு நூலகங்களும் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபொழுது எடுத்துச் செல்லக்கூடியவற்றுட் புத்தகம் எத்தனையாவதாய் இருந்திருக்கும்? ஒப்பிட்டுப் பார்த்தற்கு இரண்டாவது நூல் இல்லாதவிடத்து, கையிலுள்ள ஒரு நூலே வேதமாகிவிடுகின்றது. அச்சமுள்ள காலத்திற் கேள்வி கேட்டலும் ஆபத்தாகின்றது. வாசிப்புக்கு நூலும், ஆராய்வுக்கு அச்சமின்மையும் வேண்டும்; இரண்டையும் ஒரு தலைமுறை இழந்தது.

நூலகக் கட்டடம் மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் வாசிக்கத் தந்து வருகின்றது. பழைய புலவர் ஏடு தேடி ஊரூராய் அலைந்தனர். இன்றைய மாணவன் வீட்டிலிருந்தே பல்லாயிரம் நூல்களைத் திறக்கலாம். ஆயினும் அதே கைத்தொலைபேசி அவன் கவனத்தைக் கணந்தோறும் துண்டாடுகின்றது. கேட்டவுடன் விடை கூறும் கணினிப் பொறிகளும் வந்துவிட்டன. மாதிரி விடைக்குப் பழகிய உள்ளம் அவ்விடையை உசாவாது ஏற்றல் வியப்பன்று. ஆதலின் நோயைப் புதிய கருவியின்மேல் மட்டும் சுமத்துதல் நீதியாகாது. அச்சியந்திரம் வந்தபொழுது நாவலரும் தாமோதரம்பிள்ளையும் பரிசோதிக்கும் பழக்கத்தோடு அதனை எதிர்கொண்டனர். கருவி அவர்களுக்குப் பணிந்தது. அப்பழக்கமின்றி எதிர்கொள்வோர் கருவிக்குத் தாமே பணிவர்.

பரிகாரம் யாது? அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வரலாற்று வகுப்பில் ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மாறுபடக் கூறும் இரண்டு நூல்களை மாணவர் கையிற் கொடுக்கலாம். ஒரு நாளில் வெளிவந்த இரண்டு பத்திரிகைகளை ஒப்பிடச் செய்யலாம். விவாத அரங்கில், எதிர்க்கட்சியின் வாதத்தை அவர் ஒப்புமாறு எடுத்துக் கூறிய பின்னரே மறுத்தல் வேண்டும் என விதிக்கலாம். இது சித்தியாரின் முறை. மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பினருக்கு ஒரு நூலை வாசித்துப் பொருள் கூறும்படி செய்யலாம். இது நன்னூல் கூறும் அரைப்பங்கு. ஆசிரியரிடத்து மாணவன் ஐயம் எழுப்புமிடத்து அதனை அவமதிப்பாகக் கொள்ளாதிருத்தல் இவை எல்லாவற்றிற்கும் அடிப்படை.

வாசித்தலும் ஆராய்தலும் பிறப்பால் வருவனவல்ல. சபையும் பள்ளியும் வாசிகசாலையும் நாள்தோறும் பயிற்றியமையால் அவை இம்மண்ணில் ஒருகால் வேரூன்றின. பயிற்சி நின்றமையால் நலிந்தன. எரிந்த ஏடுகளுட் பல மீளா. ஆனால் ஏட்டை ஏட்டோடு ஒப்பிட்டு உண்மை தேறிய அறிவு எரியக்கூடிய பொருளன்று. அதனை மீட்டுக்கொள்ளல் ஒவ்வொரு வகுப்பறையிலும் இன்றே தொடங்கத்தக்க பணியாகும்.