புதுப் புரதங்களுக்கு ஒரு தேர்வு

நம் உயிரணுக்களுள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து ஆற்றலைப் பெற்றுத் தரும் ஆலைகள் அவை. அங்கே பணிபுரியும் புரத வகைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. மனிதரிடத்தில் அவற்றுள் 13 மட்டுமே அவ்வாலையிலேயே உருவாகின்றன. ஏனையவை வெளியே உருவாகி உள்ளே வருகின்றன. அவற்றின் தரத்தைக் காப்பது எது? இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

புரதம் என்பது நீண்ட சங்கிலி. உரிய வடிவில் மடிந்தால்தான் அது பயன் தரும். அம்மடிப்பின் விதி சங்கிலியிலேயே அடங்கியுள்ளது எனச் சோதனைக் குழாயில் மெய்ப்பித்த அமெரிக்க அறிஞர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972-ல் நோபெல் பரிசு பெற்றார். ஆகவே, உயிரணுவிலும் புரதம் துணையின்றித் தானே மடியும் என்று பலரும் கருதினர்.

ஆனால், மைட்டோகாண்ட்ரியாவின் வாயில் மிகக் குறுகியது. ஊசிக்காதில் நுழையும் நூலைப் போல, புரதம் மடிப்பு நீங்கியே உட்செல்ல வேண்டும். சென்றபின் அது எவ்வாறு மடிகிறது? யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்விச் குழுவினர் ஈஸ்ட்டில் ஒரு விந்தையைக் கண்டனர். குறைபாடுள்ள ஒரு வகை ஈஸ்ட்டில் புரதங்கள் உள்ளே நுழைந்தன. ஆயினும் உரிய வடிவம் பெறவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருந்த உல்ரிச் ஹார்ட்ல், வால்டர் நாய்பெர்ட் ஆகியோருடன் இணைந்து ஆராய்ந்து, 1989-ல் காரணத்தை வெளியிட்டனர். ஹெச்எஸ்பி60 என்னும் துணைப் புரதம் அதில் பழுதுற்றிருந்தது. ஏழு உறுப்புகள் வளையமாய் அமைந்த அத்துணைப் புரதத்தின் உட்குழியே புதுப் புரதம் மடிவதற்கு இடம் தருகிறது. அன்ஃபின்சன் கண்ட விதி பொய்க்கவில்லை. அவ்விதி நிறைவேறத் துணையும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

துணை இருந்தும் மடியாத புரதங்கள் என்ன ஆகின்றன? அவற்றைச் சிதைக்கும் பிம்1 என்னும் நொதி 1994-ல் ஈஸ்ட்டில் அறியப்பட்டது. உட்சவ்விலும் இத்தகைய நொதிகள் உள்ளன. பழுதான நகையைப் பொற்கொல்லர் உருக்கி மீண்டும் பொன்னாக்குவது போல, இவை பழுதுற்ற சங்கிலியைத் துண்டுகளாக்குகின்றன.

உட்சவ்வு நொதிகளின் இனத்தைச் சேர்ந்த பாராப்ளெஜின் என்னும் மனிதப் புரதம் பழுதுற்றால், கால்கள் விறைத்து வலுவிழக்கும் பரம்பரை நோய் தோன்றும் என்பது 1998-ல் வெளியாயிற்று.

மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை ஆராய்ந்தோர், மனிதனின் நடை தளரும் காரணம் ஒன்றை அறிய வழி வகுத்தனர். எளிய உயிர் என்று எதனையும் ஒதுக்காதீர்கள் என்பதே உங்களுக்கு என் வேண்டுகோள்.