தொழிற்சாலைப் பெயரில் ஒரு கால்பந்து அணி



போன பதிவில் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி எழுதியபோது பெரெசினா ஆறு வந்தது, நினைவிருக்கும். 1812 நவம்பரில் தோற்றுத் திரும்பிய பிரெஞ்சுப் படை அந்த ஆற்றைக் கடக்கும்போது ஆயிரக்கணக்கில் மடிந்தது. இன்றும் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு காரியம் முழுக்கச் சீரழிந்து போனால் அதற்கு ‘பெரெசினா’ என்றே பெயர் சொல்கிறார்கள். அந்த ஆற்றங்கரை ஊர் போரிசோவ். பெலாரஸ் நாட்டில், தலைநகர் மின்ஸ்கிலிருந்து மாஸ்கோ போகும் ரயில் பாதையில், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இன்று அந்த ஊரின் கால்பந்துக் கதையைச் சொல்லப் போகிறேன். விளையாட்டு பிடிக்காதவர்களும் படிக்கலாம், இதில் பாதி வரலாறுதான்.

அணியின் பெயர் ‘பாட்டே’. ஏதோ வீரனின் பெயரோ தேவதையின் பெயரோ என்று நினைக்க வேண்டாம். போரிசோவ், ஆட்டோ, டிராக்டர், எலெக்ட்ரிக் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள்தாம் அவை. கார், டிராக்டர்களுக்கு ஸ்டார்ட்டர், ஜெனரேட்டர் முதலியவற்றைச் செய்யும் ஆலை அது. சோவியத் நாட்டில் பெரிய ஆலை என்றால் அதற்கு ஒரு விளையாட்டு அணியும் இருப்பது வழக்கம். அந்த வழக்கப்படி 1973ல் பாட்டே பிறந்தது. 1974, 1976, 1979 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெலாரஸ் குடியரசின் அளவிலான போட்டியில் வென்றது. ஆனால் அது உள்ளூர்ப் பெருமைதான். சோவியத் முழுமைக்குமான மேல்மட்டத்தில் ஆடி, 1982ல் பட்டமும் வாங்கியது தலைநகரின் டினமோ மின்ஸ்க் அணி. 1984ல் பாட்டே கலைக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி ஓர் அணியே இல்லை.

அதற்குள் சோவியத் நாடே இல்லாமல் போய்விட்டது. 1991ல் பெலாரஸ் தனி நாடானது. 1992ல் அதன் சொந்த லீக் தொடங்கியது. முதல் ஐந்து பட்டங்களும் டினமோ மின்ஸ்க்குக்கே. தலைநகரில் ஆள், பணம், பெயர் எல்லாம் இருக்கும்போது வேறு என்ன நடக்கும்?

இந்தச் சூழலில்தான் 1996ல் அனத்தோலி காப்ஸ்கி என்பவர் முன்னின்று பாட்டேயை மறுபடி உயிர்ப்பித்தார். யூரி புந்துஸ் பயிற்சியாளராக வந்தார். அணி மூன்றாம் பிரிவில், அதாவது அடிமட்டத்தில் தொடங்கியது. முதல் ஆண்டே அந்தப் பிரிவை வென்றது. 1997ல் இரண்டாம் பிரிவையும் வென்றது. 1998ல் முதல் பிரிவுக்கு வந்து இரண்டாம் இடம். 1999ல் நாட்டின் சாம்பியன்! நான்கே ஆண்டுகளில் அடிப்படியிலிருந்து உச்சிக்கு. வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து வந்து மாநிலத்தில் முதல் மதிப்பெண் வாங்கியது போல என்று சொன்னால் உங்களில் சிலர் சிரிப்பீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பெரிய பணத்தைக் கொட்டி வெளிநாட்டு நட்சத்திரங்களை வாங்கி வந்த வெற்றி அல்ல இது. இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பது, நல்ல விலை வந்தால் விற்பது என்றே நடந்தது. விட்டாலி குத்துசோவ் இங்கிருந்துதான் 2001ல் ஏ.சி. மிலானுக்குப் போனார். அலெக்சாந்தர் ஹ்லெப் இங்கிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டுக்கும், பிறகு ஆர்சனல், பார்சிலோனாவுக்கும் போனார்.

2006ல் தொடங்கிய தொடர் வெற்றி 2018 வரை நின்றதே இல்லை. தொடர்ந்து 13 பட்டங்கள். ஆனால் பாட்டேயை உலகம் அறிந்தது ஐரோப்பியச் சாம்பியன்ஸ் லீக்கால்தான். 2008ல் தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட், பல்கேரியாவின் லெவ்ஸ்கி சோஃபியா ஆகிய அணிகளை வீழ்த்திக் குழுச் சுற்றுக்குள் நுழைந்தது. பெலாரஸிலிருந்து அங்கே போன முதல் அணி அதுவே. சிறிய நாட்டுச் சாம்பியன்களுக்குத் தகுதிச் சுற்றில் தனிப்பாதை ஒதுக்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆகவே இவர்கள் உள்ளே வந்தது சலுகையால் அல்ல.

பயிற்சியாளர் விக்தர் கொஞ்சரென்கோவுக்கு அப்போது வயது 31. அதே அணியில் தடுப்பாட்டக்காரராக இருந்தவர், முழங்கால் காயத்தால் 25 வயதிலேயே ஆட்டத்தை விட்டவர். அவருடைய அணியோடு ஒரே குழுவில் ரியல் மாட்ரிட், யுவென்டஸ், செனித்! போரிசோவின் மைதானம் சிறியது, ஐரோப்பிய விதிகளுக்கு ஒத்து வரவில்லை. அதனால் சொந்த ஊர் ஆட்டங்களையே மின்ஸ்கில் போய் ஆட வேண்டியிருந்தது. அங்கே யுவென்டஸுக்கு எதிராக 23 நிமிடங்களுக்குள் 2-0 என்று முன்னிலை பெற்றார்கள். இத்தாலியர்கள் இடைவேளைக்குள் இரண்டையும் திருப்பி அடித்துவிட்டார்கள், அது வேறு. ஆட்டம் 2-2. அந்தச் சுற்றில் ஒரு வெற்றியும் இல்லை, மூன்று சமநிலைகள் மட்டும்.

2012 அக்டோபர் 2ஆம் தேதிதான் பெரிய நாள். பாயர்ன் மியூனிக்கை 3-1 என்று வென்றார்கள். அந்தப் பருவத்தில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அதே பாயர்ன்தான். திரும்பி வந்திருந்த ஹ்லெப்பும் அந்த ஆண்டு பாட்டே அணியில் இருந்தார். நான்கு நாட்டுக் கிளப்புகளைப் பார்த்துவிட்டு ஒருவன் பழைய அணிக்கே வந்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

2014ல் ஊருக்குச் சொந்தமாக ‘போரிசோவ் அரீனா’ வந்தது. சுமார் 13,000 பேர் அமரலாம். ஸ்லோவேனியக் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது, பார்க்க ஒரு வெள்ளிச் சிப்பி மாதிரி இருக்கும். இனி மின்ஸ்குக்கு ஓட வேண்டாம். புது வீட்டில் செப்டம்பர் கடைசியில் ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவோவை 2-1 என்று வென்றார்கள். மூன்றே வாரம் கழித்து அதே புல்தரையில் உக்ரைனின் ஷக்தாரிடம் 0-7 என்று தோற்றார்கள். லூயிஸ் அட்ரியானோ என்ற ஒருவரே ஐந்து கோல். அந்தக் குழுச் சுற்றின் ஆறு ஆட்டங்களில் வாங்கியது மொத்தம் 24 கோல்! அடுத்த ஆண்டு அதே அரங்கில் ரோமா அணிக்கு எதிராக அரை மணி நேரத்தில் மூன்று கோல் போட்டு 3-2 என்று வென்றார்கள். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது!

எனக்கு ஒரு நெருடலும் உண்டு. 13 ஆண்டுகள் ஒரே அணி ஜெயித்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு என்ன மிச்சம்? சாம்பியன் ஆனால் ஐரோப்பியப் போட்டி, அங்கே போனால் பெரும் பணம், அந்தப் பணத்தால் மறுபடி சாம்பியன். தலைநகரின் ஆதிக்கத்தை உடைத்த சிற்றூர் அணி, தானே இன்னொரு ஆதிக்கமாகிவிட்டது. பாட்டேயின் மேல் எனக்குள்ள அன்பு இதைச் சொல்வதைத் தடுக்கவில்லை.

காப்ஸ்கி 2018 செப்டம்பரில் காலமானார். பதின்மூன்றாவது பட்டம் அந்த ஆண்டே வந்தது. 2019 பிப்ரவரியில் ஆர்சனலை 1-0 என்று போரிசோவில் வென்றார்கள், லண்டனில் 0-3 என்று தோற்று வெளியேறினார்கள். அவ்வாண்டு லீக் பட்டம் டினமோ பிரெஸ்டுக்குப் போனது. 2024 வரை அது போரிசோவுக்குத் திரும்பி வரவில்லை.

2020 ஊரடங்கில் ஐரோப்பா முழுவதும் கால்பந்து நின்றபோது பெலாரஸ் மட்டும் நிறுத்தவில்லை. அது சரியா என்பது வேறு கேள்வி, என்னைக் கேட்டால் சரியில்லை என்பேன். ஆனால் பார்க்க வேறொன்றும் இல்லாததால் அந்த லீக்கின் ஒளிபரப்பு உரிமையை இந்தியா உட்படப் பல நாடுகள் வாங்கின. அப்போது உங்களில் யாராவது மஞ்சள் சட்டை போட்ட பாட்டே ஆடியதைப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.